ரிம், ஜேர்மனி

கிளிநொச்சிப் பக்கத்தில் யாராவது கண்ணை மூடினால், செய்தி ஊருக்குப் போவது பெரும்பாலும் சிவலட்சுமியின் வாயால்தான். அவள் புருசன் ராசுவின் ஓட்டோக் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் பூட்டியிருக்கின்றன. சிவலட்சுமி வீட்டு அறைக்குள் காற்றாடியை நிற்பாட்டிவிட்டு, கோழிகளைத் துரத்திவிட்டு, கைபேசியில் அறிவித்தலை வாசித்துப் பதிவு செய்வாள். ராசு அதன் பின்னால் ஒரு சோக நாதஸ்வரத்தைச் சேர்த்து, ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுபோய்ப் போடுவான். வயலில் நிற்பவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்பார்கள். குசினியில் நிற்பவர்கள் அடுப்பைத் தணித்துவிட்டுப் படலைக்கு வருவார்கள். யார் செத்தது என்று கேட்ட பிறகுதான் மற்ற வேலை.

அவளுடைய குரலுக்கு அப்படி ஒரு மரியாதை. கனத்த குரல், அழுகிற குரல் அல்ல. அழுகிற வேலையைச் செத்தவீட்டுக்காரருக்கு விட்டுவிட வேண்டும் என்பது அவள் கட்சி. சில இடங்களில் அறிவித்தல் வாசிக்கிற பெண்பிள்ளைகள் தங்கள் தகப்பனே போனது மாதிரி விம்முவார்கள். அதைக் கேட்டால் சிவலட்சுமிக்கு எரிச்சல் வரும்.

அவளுடைய தகப்பனும் தாயும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து உடுத்த உடுப்போடு வன்னிக்கு வந்தவர்கள். மற்றவர்களின் வயலில் களை பிடுங்கியும் அரிவு வெட்டியும் காலத்தை ஓட்டினார்கள். சிவலட்சுமி பிறந்தது, படித்தது, கலியாணம் கட்டியது எல்லாம் இங்கேதான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அவள் வாய் திறந்து 'வாங்க' என்றால் போதும், அந்த வாங்கில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் சிரிப்பார்கள். 'வாங்கோ எண்டு சொல்லு' என்பார்கள். சொன்னால், சொன்ன விதத்துக்கும் சிரிப்பார்கள். அவள் என்ன செய்வாள், பாவம். நாக்கைக் கழற்றி வைத்துவிட்டா பள்ளிக்கூடம் போக முடியும்?

அறிவித்தல் வாசிக்கும்போது அந்தத் தொல்லை இல்லை. 'அன்னார்', 'காலஞ்சென்ற', 'பூதவுடல்' என்றெல்லாம் எந்த வீட்டிலும் எவரும் கதைப்பதில்லை. அது எல்லாருக்கும் ஒரேயளவு அந்நியமான தமிழ். அதில் வைத்து அவளை யாரும் பிடிக்க முடியாது.

பெயர்களில் வைத்துப் பிடிக்கலாம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். செத்தவீட்டு அறிவித்தலில் நேரம் பிழைத்தால் சனம் பொறுத்துக்கொள்ளும். பெயர் பிழைத்தால் வருசக்கணக்காக மறக்காது. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பெயர்களோ, எண்சாத்திரக்காரர் எழுத்துகளை உரலில் போட்டு இடித்து எடுத்தது மாதிரி இருக்கின்றன. அவற்றைக்கூட அவள் சமாளித்துவிடுவாள். வெளிநாட்டு மருமக்களின் பெயர்தான் கண்டம். நோர்வேயில் ஒருவர், பிரான்சில் ஒருவர், அவர்களின் பிள்ளைகள் நாலு பேர் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். 'ஒருக்கா வாயால சொல்லிக் காட்டுங்கோ' என்று கேட்டு, அவர்கள் சொல்வதைத் தானும் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பதிவுக்கு உட்காருவாள். அது அவள் வழக்கம். அந்த வழக்கத்தை ஒரேயொரு நாள் விட்டாள்.

வட்டக்கச்சி வீரகத்தியார் செத்த அன்று, அவருடைய தம்பி தம்பிராசா அறிவித்தலை எழுதிக்கொண்டு வந்தார். வீரகத்தியார் வடமராட்சியிலிருந்து வந்து இரணைமடு வாய்க்கால் ஓரத்தில் காணி எடுத்து, காட்டை வெட்டி வயலாக்கிய மனிசன். கடைசிக் காலத்தில் பாரிசவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. மனைவி விமலேஸ்வரி முன்னரே போய்விட்டாள். ஒரே மகள் பிரஷாந்தினி ஜேர்மனியில். தம்பிராசாதான் அண்ணரைத் தூக்கிக் கிடத்திப் பார்த்தவர். அவர் கதிரையில் இருந்தார், கடுதாசியை நீட்டினார், சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை.

சிவலட்சுமி மனதுக்குள் வாசித்துக்கொண்டு வந்தாள். கரணவாயைப் பிறப்பிடமாகவும் வட்டக்கச்சியை வதிவிடமாகவும் கொண்ட. சரி. காலஞ்சென்ற விமலேஸ்வரியின் அன்புக் கணவரும். சரி. பிரஷாந்தினி, ஜேர்மனி, அவர்களின் பாசமிகு தந்தையும். சரி. ரிம், ஜேர்மனி, அவர்களின் அன்பு மாமனாரும்.

ரிம்.

நிமிர்ந்து பார்த்தாள். தம்பிராசாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிற மனிசனிடம், 'உங்கட மருமகன்ர பேர் சைக்கிள் ரிம்தானோ' என்று எந்த வாயால் கேட்பது? எழுத்து முத்து முத்தாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. ரானாவுக்கு மேல் இகர விசிறி, பிறகு மானா, அதற்குமேல் ஒரு குற்று. அவள் கேட்கவில்லை. உள்ளே போய்க் காற்றாடியை நிற்பாட்டினாள்.

முதல்நாள் ஓட்டம் முடித்துவிட்டு வந்த ராசு சாப்பிட உட்கார்ந்தபடி சிரித்தான். "சந்தியில பொடியங்க கேக்கிறாங்க, ரிம்மு மட்டுந்தானா, ரயர் வரலையான்னு."

"செத்தவீட்டுக் காரியத்துல என்ன சிரிப்பு?" என்றாள் சிவலட்சுமி. "வெள்ளைக்காரங்க பேரு அப்பிடித்தான் இருக்கும். அவங்களுக்கு நம்ம பேரு எப்பிடி இருக்கோ."

அதோடு அவள் அதை மறந்துபோனாள். மகள் வரும்வரை வீரகத்தியாரைப் பெட்டியில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாளும் ராசு ஓட்டோவைக் கொண்டுபோனான். மத்தியானம் இரணைமடுச் சந்தியில், கொழும்புப் பக்கமிருந்து வந்த வான் ஒன்று அவனுக்கு முன்னால் குறுக்கே நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கினாள். கறுப்புச் சட்டை, அழுது வீங்கிய கண், காலில் சப்பாத்து. பின்னாலே தலை இடிபடக் குனிந்து ஒரு வெள்ளைக்காரன் இறங்கினான்.

"நிப்பாட்டுங்கோ அதை," என்றாள்.

யாரோ சொந்தக்காரர், நேரம் கேட்கப் போகிறார் என்று நினைத்து ராசு நிற்பாட்டினான்.

"இந்தப் பேரை இப்பிடிச் சொல்லச் சொன்னது ஆர்?"

ராசுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தப் பெயர் என்று கேட்டான். அவள் தெருவில் நின்றபடியே முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். வெள்ளைக்காரன் அவளை அணைத்துப் பிடித்து வானுக்குள் ஏற்றினான். ஏறுவதற்கு முன் ராசுவைப் பார்த்துக் கைகூப்பினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது போல இருந்தது.

ராசு ஸ்பீக்கரை மூடிவிட்டு நேரே வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். சிவலட்சுமி கடுதாசியை எடுத்து விரித்துப் பார்த்தாள். ரிம். ராசுவும் பார்த்தான். ரிம்தான்.

"நாம எழுதுனதையா வாசிச்சோம்? அவங்க எழுதுனத வாசிச்சோம்," என்றான். "நாளைக்குப் பிரேதத்த எடுத்துருவாங்க. அதோட முடிஞ்சிரும். நீ போய் மாட்டிக்காத."

"நமக்கு முடிஞ்சிரும். அந்தப் புள்ளைக்கு?"

பின்னேரம் அவள் சேலையை மாற்றிக்கொண்டு செத்தவீட்டுக்குப் போனாள். முற்றத்தில் தகரப் பந்தல் போட்டுப் பிளாஸ்ரிக் கதிரைகள் அடுக்கியிருந்தன. வெள்ளைக்காரனுக்கு யாரோ வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். அது அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் அவன் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இருந்தான். தம்பிராசா அவளைக் காட்டி, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலக் கையால் அபிநயித்து, இவதான் அறிவித்தல் சொன்னவ என்று விளங்கப்படுத்தினார். அவன் எழும்பிக் கைகூப்பி, "நன்ட்ரீ," என்றான். சுற்றியிருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எவ்வளவு ஆசையாகத் தமிழ் பேசுகிறது பிள்ளை, என்றாள் ஒருத்தி. சிவலட்சுமியின் 'வாங்க'வுக்கு இந்த ஊரில் அப்படி ஒருநாளும் யாரும் சொன்னதில்லை. அன்று அதை நினைக்க அவளுக்கு நேரம் இல்லை.

பிரஷாந்தினி பெட்டியின் தலைமாட்டில் பாயில் இருந்தாள். சிவலட்சுமி பக்கத்தில் போய் இருந்தாள்.

"தங்கச்சி, அறிவித்தல் வாசிச்சது நான்தான். நான் ஏதோ பிழையாச் சொல்லிப்போட்டன். என்னெண்டு சொன்னால் திருத்திப்போடுவன்."

பிரஷாந்தினி திரும்பிப் பார்த்தாள். கோபம் எல்லாம் அழுதே கரைந்து, களைப்பு மட்டும் மிஞ்சிய முகம்.

"நான் இவரைக் கட்டப்போறன் எண்டு சொன்ன அண்டைக்கு அப்பா ரெலிபோனிலை என்ன சொன்னவர் தெரியுமோ, அக்கா? பேர் என்னெண்டு கேட்டார். சொன்னன். வேணுமெண்டே மாத்தி, 'ரிம்மோ? சைக்கிள் ரிம்மைத்தான் கட்டப்போறியெண்டால் அங்கையே கட்டிக்கொண்டு கிட' எண்டவர். ரிசீவரை வைச்சிட்டார். அதுக்குப் பிறகு என்னோடை கதைக்கேல்லை. அம்மா செத்ததுக்கும் வரவேண்டாம் எண்டு சித்தப்பாட்டைச் சொல்லிவிட்டவர். எனக்கு ஒரு பிள்ளை பிறந்தது. அதுக்கும் கதைக்கேல்லை."

உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, சிவலட்சுமியின் வாயில் வந்த பிழை தேடிப்பிடித்தது போல அந்தச் சொல்லிலேயே போய் விழுந்திருக்கிறது.

"இண்டைக்கு வானிலை வரேக்கை ஸ்பீக்கர் கேட்டுது," என்றாள் பிரஷாந்தினி. "அப்பான்ரை பேர், என்ரை பேர். எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு, என்ரை பேரைச் சேர்த்திருக்கினமே எண்டு. அடுத்தது ரிம். ஊர் முழுக்க. செத்த பிறகும் அப்பா விடேல்லை."

"ஐயோ, அது என்ர வாய் தங்கச்சி. அப்பாட வாய் இல்லை."

"உங்களுக்கு அந்தச் சொல் எங்காலை வந்தது?"

வாசலில் நின்ற தம்பிராசா உள்ளே வந்தார். கடுதாசியைக் காட்டினாள் சிவலட்சுமி. அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு, "சரியாத்தானே எழுதியிருக்கிறன்," என்றார் ஒன்றும் விளங்காமல். "இது இங்கிலிசு T எழுத்துக்கு நாங்கள் போடுற ரி, ரீவிக்குப் போடுற ரி. ரயருக்குப் போடுற ர. ரிக்கற்றுக்கு, ரோச்சுக்கு எல்லாம் நாங்கள் இந்த ரானாதானே போடுறனாங்கள்? வேறை எந்த எழுத்தைப் போடுறது?"

சிவலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். ரீவி என்று எழுதியிருந்தால் அவள் ஒருநாளும் பிழையாக வாசித்ததில்லை. ரீவி என்றொரு பொருள் வீட்டில் இருக்கிறது; ஆகவே வாய் தானாகவே சரியாகச் சொல்லிவிடும். இந்தப் பெயரில் ஒரு மனிசனை அவள் கண்டதில்லை. ரிம்மைக் கண்டிருக்கிறாள். சைக்கிளில்.

"அப்ப டிம் எண்டு சொல்லோணுமோ?" என்றாள்.

"அது இல்லை," என்றாள் பிரஷாந்தினி. "அது லைற்றை டிம் அடிக்கிறது."

இதுதான் கூத்து. ரானா போட்டால் சைக்கிள் சில்லு, டானா போட்டால் மங்கிய வெளிச்சம். அந்த ஒலிக்குத் தமிழில் ஓர் எழுத்து இல்லாமல் போனதால் ஒரு மனிசன் உள்ளே வர வாசலே இல்லை. தம்பிராசா, "குடிக்கிற பிளேன்ரீயிலை வாற ரீ. அதைக் குறுக்கிச் சொல்லுங்கோ, பிள்ளை," என்றார். வெள்ளைக்காரன் தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு எட்டிப் பார்த்தான். விசயம் அறிந்ததும், அருகில் குந்தியிருந்து, தன் பெயரைத் தானே மெல்லச் சொல்லிக் கொடுத்தான். சிவலட்சுமி சொன்னாள். அவன் தலையாட்டினான். இன்னொருமுறை சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. பிறகு பிரஷாந்தினியைப் பார்த்து ஜேர்மன் பாசையில் ஏதோ சொன்னான்.

"தனக்கு ரிம்மெண்டாலும் பரவாயில்லையாம்," என்றாள் அவள். "பள்ளிக்கூடத்திலை இதைவிட மோசமாச் சொல்லுவாங்களாம். அப்பான்ரை அறிவித்தலிலை தன்ரை பேரும் வந்ததே போதுமாம்."

"அதுதானே பிள்ளை," என்று தம்பிராசா அதைப் பிடித்துக்கொண்டார். "அண்ணர்தான் சொன்னவர். படுக்கையிலை கிடந்து, என்ரை கையைப் பிடிச்சு, 'நான் போனால் மருமோன்ரை பேரையும் போடு, விட்டிடாதை' எண்டவர். நான் என்ரை மண்டையிலை இருந்து எழுதேல்லை."

பிரஷாந்தினி நிமிர்ந்தாள். அதுவரை அவள் முகத்தில் இல்லாத ஓர் எதிர்பார்ப்பு அப்போது வந்தது. அந்த முகத்தைப் பார்த்த சிவலட்சுமி, கடவுளே, இந்தப் பிள்ளை இதை நம்பட்டும் என்று உள்ளுக்குள் மன்றாடினாள்.

"பேரைச் சொன்னவரோ, சித்தப்பா?"

"ஓம்."

"எப்பிடிச் சொன்னவர்? அண்டைக்கு எனக்குச் சொன்ன மாதிரியோ?"

தம்பிராசா சமாளித்திருக்கலாம். வடிவாகத்தான் சொன்னவர் பிள்ளை, உன்ரை மனுசன் சொல்லுற மாதிரியே சொன்னவர் என்று ஒரு பொய்யை விட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவர் அந்த வகை மனிசன் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார்.

"வாய் இழுத்திருந்தது பிள்ளை. ஒரு சொல்லும் வடிவா வராது. நான் ஊகிச்சு எடுக்கிறதுதான். அவர் எப்பிடிச் சொன்னாரெண்டு நான் எப்பிடிச் சொல்ல?"

பிரஷாந்தினி மறுபடி பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீரகத்தியாரின் வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"திருத்தின பதிவை நீங்கள் ஒருக்காக் கேட்டுச் சரி எண்டு சொன்னால் நாளைக்குப் போடுவன்," என்றாள் சிவலட்சுமி. "எனக்கு வேண்டாம் அக்கா, நீங்கள் உங்கடை வேலையைச் செய்யுங்கோ," என்றாள் பிரஷாந்தினி. அது கோபமாகச் சொன்னதில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சிவலட்சுமி திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து விளக்கு வைக்க முதல் பதிவுக்கு இருந்தாள். பெயர் வரும் இடத்தில் நாக்கு தடக்கியது. ஒருமுறை அழுத்தமாக வந்தது, ஒருமுறை பயந்து வந்தது. பெயரை மட்டும் தனியாக, பிளேன்ரீ, பிளேன்ரீ என்று சொல்லிப் பழகினாள். குசினி வாசலில் நின்ற ராசு, "ரீ வேணும்னா கேக்க வேண்டியதுதானே," என்று பகிடி விட்டான். அவள் சிரிக்கவில்லை. இந்தப் பெயரை அவள் வாய் சரியாகச் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை தகப்பனைக் குறைந்தபட்சம் அரைவாசியாவது மன்னித்துவிடும் என்று அவளுக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை பிடித்திருந்தது. கடைசியில் ஒன்று சரியாக வந்தது. போட்டுக் கேட்டாள். அந்த மனிசன் சொல்லித் தந்த மாதிரியே இருந்தது.

மறுநாள் காலை கிரியை முடிந்து, பறை முழங்க, வீரகத்தியாரைத் தூக்கினார்கள். ஆம்பிளைகள் பின்னால் போனார்கள். பெண்கள் படலையோடு நின்றார்கள். அதற்கு அப்பால் பெண்கள் போவதில்லை. வெள்ளைக்காரன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தம்பிராசாவோடு நடந்தான். எல்லாருக்கும் முன்னால் ராசுவின் ஓட்டோ ஊர்ந்தது.

சிவலட்சுமி பிரஷாந்தினிக்குப் பக்கத்தில், அவளைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். சுற்றி நின்ற பெண்கள் தலையிலும் வயிற்றிலும் அடித்து அழுதார்கள். தன் குரல் வாய்க்கால் மேல் மிதந்து வருவதைச் சிவலட்சுமி மற்றவருடைய குரலைக் கேட்பதுபோலக் கேட்டாள். காலஞ்சென்ற விமலேஸ்வரியின் அன்புக் கணவரும். பிரஷாந்தினி, ஜேர்மனி, அவர்களின் பாசமிகு தந்தையும். பிறகு அந்தப் பெயர். இங்கே எழுதிக் காட்ட முடியாது. ஆனால் ஸ்பீக்கரில் அது சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல் வந்தது. தூரத்தில் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரன் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

சிவலட்சுமி பிரஷாந்தினியின் முகத்தைப் பார்த்தாள். அவள் கேட்டிருந்தாள். கடைசிச் சொல்வரைக்கும் கவனமாகக் கேட்டிருந்தாள்.

"நல்லாச் சொல்லியிருக்கிறியள் அக்கா," என்றாள், சிவலட்சுமியின் கையைத் தட்டிக் கொடுத்து, அவளுக்கு ஆறுதல் சொல்வதுபோல. "ஆனா இது நான் வந்து அழுத பிறகு நீங்கள் திருத்தினது. அப்பா சொல்லிவிட்டது முதல் போன ரிம்தானே."

பறைச் சத்தம் வாய்க்கால் மதகைத் தாண்டிப் போய்விட்டது. ஒழுங்கை முடிவில் ஓட்டோ திரும்ப, அவளுடைய குரல் மறுபடியும் முதலிலிருந்து வீரகத்தியாரின் பெயரைச் சொல்லத் தொடங்கியது.